தலை முழுகிய புதன்கிழமை

இந்த வாரமும் முதலில் அச்சுக் கோக்கும் தம்பிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிப் போட்ட மண் மாதிரி இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனவனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. என் பிழைகளையெல்லாம் நீங்கள் திருத்திப் போடுகிறீர்கள் என்று தெரியும். அச்சில் வந்ததைப் படிக்கும்போது, நானா இவ்வளவு சுத்தமாக எழுதினேன் என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

இன்றைக்கு இன்னொரு குறையும் சேர்ந்துகொண்டது. தலை ஈரம் காயாமலே எழுத உட்கார்ந்துவிட்டேன். தாளில் அங்கங்கே சொட்டு விழுந்து மை கலங்கியிருக்கிறது. அந்த இடங்களை உத்தேசமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏன் தலை முழுகினேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

பிணம் இல்லாத வீடு

"எப்ப எடுக்கறீங்க?"

என் தோளில் கை வைத்து இப்படிக் கேட்டவர் எங்கள் தெருக்கோடியில் இருந்த மாட்டுவண்டிக்காரர். இது நடந்து பல வருஷம் ஆகிறது; விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பின்னால் இதே வீட்டில்தான் நாங்கள் அப்போதும் குடியிருந்தோம். கார்த்திகை பிறந்து முதல் புதன்கிழமை. மழை விட்டு வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. ஓலைக் கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. அந்தச் சொட்டுக்கு அடியில் நின்றுகொண்டு நான் நனைந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்குள்ளே தெருப் பெண்கள் தலையை விரித்துப் போட்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து, வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். வாசலில் ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வெளியூர்லருந்து யாராச்சும் வரணுமா?" என்றார் வண்டிக்காரர்.

தலையை ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியாது.

"மூங்கிலுக்குச் சொல்லிடட்டா?"

அதற்கும் ஆட்டினேன்.

"வயசு இன்னா இருக்கும்?"

"இருபத்திரண்டு" என்றேன்.

"அடடா" என்று அவர் உச்சுக் கொட்டினார். "உனக்கு இன்னா மொறை ஆவணும்?"

"கூடப் பொறந்தவ மாதிரி" என்று சொல்லிவிட்டேன். எப்படி அந்தச் சொல் வாயில் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

வீட்டில் பிணம் இல்லை. எங்கள் உறவில் அன்றைக்கு யாரும் சாகவில்லை. செத்தது செண்பகம். செண்பகம் என்பவள் நான் எழுதிக்கொண்டிருந்த நாவலின் கதாநாயகி.

நான் நாவல் எழுதுகிறேன் என்பது அந்தத் தெருவில் என் மனைவி அஞ்சலையைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைச் சொன்னால்தான் இத்தனை பேரையும் எழுப்பி வீட்டுக்கு அனுப்ப முடியும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடையில் முதலாளியிடம் ஒருநாள் லீவு கேட்பதற்கே நான்கு நாள் ஒத்திகை பார்க்கிற ஆள் நான்.

பொட்டலத்தில் வந்த கதைகள்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜங்ஷனுக்கு வெளியே ஒரு இட்லிக் கடையில் எனக்கு வேலை. வண்டி வந்து நிற்பதற்குள் இலையும் தாளும் வைத்து இட்லியையும் புளிச்சோற்றையும் பொட்டலம் கட்டி அடுக்க வேண்டும். விற்பது வேறு ஆட்கள். வாயைத் திறக்க வேண்டாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

பொட்டலத்துக்குப் பழைய வாரப் பத்திரிகைகள் வரும். கட்டுவதற்கு முன்னால் ஒரு கண் ஓட்டுவேன். தொடர்கதையில் ஒரு பக்கம் கையில் இருக்கும். அடுத்த பக்கம் ஏற்கெனவே சாம்பார் வழிய விருத்தாசலம் போய்ச் சேர்ந்திருக்கும். கதாநாயகி கிணற்றங்கரையில் நிற்பாள். குதித்தாளா, வீட்டுக்குத் திரும்பினாளா, தெரியாது. மீதியை நானே மனசுக்குள் போட்டுக்கொள்வேன். இப்படி மீதி போட்டுப் போட்டுத்தான், முதலிலிருந்தே நாமே போட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது.

தாள் தீர்ந்தால் திண்டிவனம் போவேன். அங்கே மாசிலாமணி என்பவர் சின்ன அச்சகம் நடத்திவந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், எப்போதாவது ஒரு புத்தகம். அச்சில் பிசகிய தாள்களை எங்கள் கடைக்கு எடைக்குப் போடுவார். அதில் ஒரு பக்கம் வெள்ளையாக இருப்பதை நான் ஒதுக்கி வைத்துக்கொள்வேன். என் நாவல் முழுக்கவும் யார் யாரோ செய்துகொண்ட கல்யாணங்களின் முதுகில் எழுதியது.

எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பத்திரிகைக் கதைகளில் வரும் பெண்கள் பியானோ வாசித்தார்கள். அதனால் என் செண்பகமும் முதல் அத்தியாயத்தில் பியானோ வாசித்தாள். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினால் கேட்பாள்.

"இன்னாங்க அது, பியானோ?"

"வாசிக்கறது."

"நீங்க பாத்துக்கிறீங்களா?"

"இல்ல."

"அப்பறம் அவளுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு? அதை எறக்கி வெச்சிட்டு, ரெண்டு படி கேப்பை குடுத்துத் திருவச் சொல்லுங்க. வூட்ல இருக்கறவங்களுக்குப் பசிக்காதா?"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பியானோவை எடுத்துவிட்டுத் திருகையைப் போட்டேன். அது வந்து உட்கார்ந்ததும் செண்பகத்துக்குக் கை வந்தது, முதுகு வந்தது, வியர்வை வந்தது. அதற்குப் பிறகு அவள் எனக்குத் தெரிந்த ஒருத்தி மாதிரி நடக்க ஆரம்பித்தாள்.

அவள் வீட்டுக்குப் பிடிக்காத ஒருவனோடு போனாள். அப்பன்காரன் அவளைத் தலை முழுகினான். கடைசி அத்தியாயத்தில் பிள்ளை பெற்ற கையோடு, சொந்தம் என்று பக்கத்தில் யாரும் இல்லாமல் செத்தாள். நானாகக் கற்பனை செய்து எழுதியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவளைப் பொழைக்க வை"

எழுதி முடித்ததும் கட்டித் தூக்கிக்கொண்டு மாசிலாமணியிடம் போனேன். வாயால் சொல்லவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, தாள் கட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அடுத்த முறை போனபோது அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"கோவிந்தசாமி, கதை ஓடுதுய்யா. நானே போடறேன். ஆனா கடைசி அத்தியாயம் வேணாம்."

"ஏங்க?"

"எங்கிட்ட புஸ்தகம் வாங்கறது யாரு? கல்யாண வூட்டுக்குப் பரிசு குடுக்கறவன். மணமேடையில சாவு புஸ்தகத்தை நீட்டுவானா? அவளைப் பொழைக்க வை. அப்பன்காரன் ஓடிவந்து குழந்தையத் தூக்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. முடிஞ்சிது. அந்த மாதிரி எழுதிக்கினு வந்தா நாளைக்கே எழுத்துக் கோக்கச் சொல்றேன். இல்லன்னா வேற எடம் பாத்துக்க."

வேறு இடம் எனக்கு ஏது? சென்னையில் இருக்கும் புத்தகக் கம்பெனிகளின் வாசலை மிதிக்கிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் வராது. அச்சில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் என்னை விடவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் முதல் வரியும் கிடைத்துவிட்டது. 'செண்பகம் மெல்லக் கண் திறந்தாள்.'

அப்பா முழுகிய கிணறு

இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். பெயர் பச்சையம்மா. கோலியனூர்ப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்த காலம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். அக்கா, மாதா கோயில்காரர்கள் வீட்டுப் பையன் ஒருவனோடு புதுச்சேரிக்குப் போய்விட்டாள். புதுச்சேரி அப்போது வெள்ளைக்காரன் ஊர்தான். ஆனால் நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் இல்லை, வேறு வெள்ளைக்காரன். அந்தப் பையன் நல்லவன் என்றுதான் பின்னால் கேள்விப்பட்டோம்.

அப்பா அன்றைக்குக் கிணற்று மேட்டில் நின்று, சால் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டார். புதுப் பானை ஒன்றைக் கல்லில் போட்டு உடைத்தார். "எனக்குப் பொண்ணே பொறக்கல" என்றார். உயிரோடு இருப்பவளுக்குச் செத்தவளுக்குச் செய்கிற எல்லாம் ஆயிற்று. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து, சந்தைக்கு வந்த ஒருவர் சேதி சொன்னார். அக்கா பிள்ளைப்பேற்றில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை, ஆகி நாளாயிற்று என்றார். எத்தனை நாள் என்று அவருக்கும் தெரியவில்லை.

அம்மா தலைமுடியை அவிழ்க்கப் போனாள். அப்பா, "ஒரு சாவுக்கு ரெண்டு தரம் முழுகறது இல்ல" என்றார்.

அம்மா கொண்டையை மறுபடி முடிந்துகொண்டாள். அடுப்பில் களி பாதி வெந்திருந்தது. அதைக் கிளறி இறக்கினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அப்பா போய், நிலம் போய், நாங்கள் விழுப்புரத்துக்கு வந்த பிறகும் சொன்னதில்லை. திண்டிவனத்துப் பெண்ணான அஞ்சலைக்கு, எனக்கு ஒரு அக்கா இருந்ததே தெரியாது.

அஞ்சலையின் ஊர் வழக்கம்

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வந்துவிடலாம்.

புது முடிவை எழுதுவதற்கு முன்னால் பழைய முடிவை அஞ்சலைக்கு ஒருமுறை படித்துக் காட்டிவிட நினைத்தேன். அத்தனை மாதம் கூடவே வந்தவள். கிழித்துப் போடுவதற்குள் அவள் காதில் விழட்டும் என்று ஒரு ஆசை. அம்மா கேப்பை அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். அம்மா இருக்கும்போது நான் படிப்பதில்லை. வெட்கம்.

அஞ்சலை விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மண்டிக்காரர்கள் மூட்டையாகக் கொடுத்து வீட்டில் உடைக்கச் சொல்வார்கள். விதைக்கு என்றால் பருப்பில் கீறல் விழக் கூடாது, கையால்தான் உடைக்க வேண்டும். நான் படிக்கப் படிக்க டக் டக் என்று ஓடு உடையும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை. கொல்லையில் தண்ணீர் சத்தம்.

கிணற்றடியில் சேலையோடு நின்று, தலையில் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். அழுகை சத்தமாகவே வந்தது.

"அஞ்சல, இன்னா பண்ற? அது கதை."

"கதைன்னா? எங்க ஊர்ல பாரதம் படிக்கறப்ப சாவு வந்துச்சின்னா, தலை முழுவாம யாரும் ஒலை வெக்க மாட்டாங்க. செத்தவளை அப்படியே வெச்சிக்கினு நான் எப்படிச் சோறாக்கறது?"

பக்கத்து வீட்டு முனியம்மாக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். ரயிலடியில் அவித்த மல்லாட்டை விற்பவள். குரல் ஜங்ஷன் முழுக்கக் கேட்கும்.

"யாருடி பூட்டது?"

"செண்பகம்க்கா... பிள்ளை பெத்த ஈரம்கூடக் காயல..."

முனியம்மாக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஈரத் தலையோடு ஒரு பெண் கிணற்றடியில் நின்று அழுதால், சேதி யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மூச்சில் தெருவில் அவள் குரல் கேட்டது. "அஞ்சல வூட்ல சாவு! எல்லாரும் வாங்கடி ஜல்தி!"

அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மாவு டின்

வண்டிக்காரர் மூங்கிலுக்கு ஆள் அனுப்பக் கிளம்பும் நேரத்தில், தெருமுனையில் அம்மா தலையில் மாவு டின்னோடு வருவது தெரிந்தது.

அம்மா உள்ளே நுழைந்தாள். டின்னை இறக்காமலே கேட்டாள்.

"யாரு?"

முனியம்மாக்கா அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "பெரியம்மா, செண்பகமாம்! பிள்ளை பெத்து செத்துட்டாளாம். பக்கத்துல பெத்தவகூட இல்லியாம். அப்பன்காரன் உசுரோட இருக்கறப்பவே தலை முழுவிட்டானாம், பாவி!" அழுகைக்கு நடுவே அஞ்சலையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அவள் ஒப்பித்தாள்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் எழுதியது இன்னதென்று எனக்கு அந்தப் பார்வையில்தான் தெரிந்தது. கற்பனை என்று நினைத்து நான் எழுதியதில் கிணறு அதே கிணறு. பானை அதே பானை.

அம்மா டின்னை மெதுவாக இறக்கிச் சுவரோரம் வைத்தாள். மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்தாள். நரைத்த முடி இடுப்பு வரை விழுந்தது. அவளுக்கு அவ்வளவு முடி இருந்தது எனக்குத் தெரியாது. வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

*பொழுது சாயும் நேரத்துல — என் பச்சையம்மா*
*புளியமரத்து ரோட்டு மேல*
*போன வண்டி திரும்பலியே — உன்*
*பொடவைத் தும்பும் தெரியலியே*

*ஊரு தண்ணி ஊத்துனாங்க — நீ*
*உசுரோட இருக்கையில*
*ஒரு சொட்டு நான் ஊத்தலியே — உன்*
*உதடு காஞ்ச வேளையில*

செண்பகம் எப்படிப் பச்சையம்மா ஆனாள் என்று பெண்கள் யாரும் கேட்கவில்லை. ஒப்பாரி வைக்கும்போது ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவைத்தான் அழுவாள். அது அங்கே சகஜம். எல்லாரும் அம்மாவோடு சேர்ந்து மார் அடித்துக்கொண்டார்கள். அஞ்சலை மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

வெயில் இறங்கும் வரை அம்மா அழுதாள். பிறகு எழுந்து கொல்லைக்குப் போய் முழுகினாள். நானும் போய் முழுகினேன்.

அஞ்சலைதான் கடைசியில் எழுந்து நின்று விஷயத்தை உடைத்தாள். செண்பகம் கதையில் வருகிறவள், கதை எழுதியது இதோ இந்த மனுஷன் என்று.

"அடப்பாவி மனுசா!" என்றாள் முனியம்மாக்கா. "தாள்ல செத்தவளுக்கா நான் மாரடிச்சேன்? ரெண்டு படி மல்லாட்டை அடுப்புல தீஞ்சிக்கினு இருக்குது!"

வாசலில் வண்டிக்காரர், "அப்ப மூங்கில் வேணாமா?" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அம்மாவும் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

முனியம்மாக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. "சரி, செத்தது செத்துட்டா. எப்படி வாழ்ந்தான்னு மொதல்லருந்து சொல்லு. சும்மாவா அழுதோம்?"

அதற்கப்புறம் கடை இல்லாத பிற்பகல்களில், நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன். அவர்கள் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள். என் முகம் தெரியக் கூடாது என்பது மட்டும்தான் என் நிபந்தனை. "காலையில வலி எடுத்தவ அந்தி வரைக்கும் ஒரு வாய் தண்ணி கேக்க மாட்டாளா? நீ பெத்துப் பாத்தாத் தெரியும்" என்று கதவைத் தட்டுவார்கள். தண்ணீர் சேர்த்தேன். திருத்தியதெல்லாம் அப்படித்தான். கடைசி அத்தியாயத்தில் அது ஒன்றைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

திண்டிவனத்துக்கு அம்மா வந்தாள்

'செண்பகம் மெல்லக் கண் திறந்தாள்' என்று எழுதியிருந்த தாளை நான் அடுப்பில் போட்டேன். ஆனால் மாசிலாமணியிடம் அதை எப்படிச் சொல்வது? பல நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் அம்மாவே, "நானும் வரேன்டா" என்று கிளம்பிவிட்டாள்.

மாசிலாமணி முதல் பார்வையிலேயே கடைசித் தாளைப் புரட்டிவிட்டார். "இன்னாய்யா, மாத்தவே இல்ல?"

நான் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா முன்னால் வந்தாள்.

"ஐயா, அது எம் பொண்ணுங்க. அவ செத்தது நெசம். நீங்க பொழைக்க வெச்சீங்கன்னா நான் மறுபடியும் யாருக்கு அழுவறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மிஷின் ஓட்டுகிறவர் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டார்.

"பேரு செண்பகம் இல்லீங்க" என்றாள் அம்மா. "பச்சையம்மா. அதையும் மாத்திடுங்க."

"அம்மா, மேல அட்டையில பச்சையம்மான்னு போட்டா, அம்மன் தாலாட்டுன்னு நெனச்சி வாங்கிக்கினு போவான். வூட்ல போயி பிரிச்சிப் பாத்துட்டு என்னைத்தான் திட்டுவான்."

"திட்டட்டுங்க. பேரு சொல்லித்தானே திட்டணும்."

மாசிலாமணி உள்ளே பார்த்து, "எழுத்துக் கோக்க ஆரம்பிங்கப்பா" என்றார்.

முனியம்மாக்காவின் வியாபாரம்

புத்தகம் வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் வாங்கவில்லை. மாசிலாமணி சொன்னது சரியாகப் போயிற்று. பாதிக் கட்டுகளை என்னிடமே அனுப்பிவிட்டார். மயிலத்தில் பங்குனி உத்திரத்துக்கு ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு போய் மலையடிவாரத்தில் நின்றேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றும் ஒரு வார்த்தை வரவில்லை. யாரோ ஒரு அம்மாள், "கொஞ்சம் புடிச்சிக்கப்பா" என்று தன் செருப்பையும் சொம்பையும் என்னிடம் கொடுத்துவிட்டு மலை ஏறினாள். அவள் இறங்கிவரும் வரை அதைக் காத்ததுதான் அன்றைய வேலை.

"நீ விக்கறதுக்கு லாயக்கில்ல" என்று முனியம்மாக்கா தீர்ப்புச் சொன்னாள். "பிசகிப்போன தாளு இருக்குதா?"

இருந்தது. என் புத்தகத்தின் தாள்களிலேயே மை அப்பியதும் கோணலாக விழுந்ததுமாக ஒரு கட்டை மாசிலாமணி எடைக்குப் போட்டிருந்தார்.

"அழுவற எடம் தனியா, ஓடிப்போற எடம் தனியாப் பிரிச்சி வை. ஓடிப்போறதை எங்கிட்ட குடு."

அந்தத் தாள்களில் சுருள் சுற்றி மல்லாட்டை விற்க ஆரம்பித்தாள். பச்சையம்மா மூட்டையோடு கொல்லைப் படலைத் திறக்கும் பக்கம்தான் எப்போதும் அவள் கூடையில் மேலே இருக்கும். எனக்கு ஒரு காலத்தில் பாதிப் பாதியாகக் கதை வந்த வழியிலேயே என் கதையும் போனது. இட்லிக் கடையிலும் அதே தாளில் நானே கட்டினேன்.

ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர், எண்ணெய்க் கறை படிந்த தாளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "ரயிலடில மல்லாட்டை வாங்கினேன். வித்த அம்மா இங்க வந்து கேக்கச் சொல்லிச்சி. இந்தப் பொண்ணு படலைத் தொறக்கறா. அப்பறம் இன்னா ஆச்சு? போனாளா இல்லியா? நாலு நாளா பேஜாரா இருக்குதுய்யா."

நான் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லாமல் பலகைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "யாரு எழுதினது?" என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். அப்புறம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வீட்டில் இருந்த கட்டுகள் மெல்ல இளைத்தன.

கடைசி அத்தியாயத்தின் பிசகிய தாள்களை மட்டும் பொட்டலம் கட்ட அம்மா விடவில்லை. எது அந்தத் தாள் என்று என்னைப் பிரித்துத் தரச் சொல்லி வாங்கி, தன் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதனால்தான் முடிவு தெரிய வேண்டியவர்கள் புத்தகத்தைத் தேடி வந்தார்கள் என்று முனியம்மாக்கா இன்றைக்கும் அம்மாவின் வியாபார சாமர்த்தியத்தைப் புகழ்வாள்.

அவள் நாள்

அடுத்த கார்த்திகை பிறந்ததும் அம்மா கேட்டாள்.

"மொதப் புதன் என்னைக்குடா வருது?"

"ஏம்மா?"

"அவ செத்த நாளு நமக்குத் தெரியாது. அழுத நாளு தெரியுமில்ல? இனிமே அதுதான் அவ நாளு."

அக்காவுக்குப் போட்டோ கிடையாது. அம்மா அந்தப் புத்தகத்தை மணைமேல் நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்தாள். அட்டையில் எந்த எழுத்து எந்த எழுத்து என்று என்னைக் கேட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு வைத்தாள். தலைவாழை இலை போட்டு, கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் படைத்தாள். சேதி வந்த அன்று பாதி வெந்திருந்த அதே களி என்று எனக்குத் தெரியும். அம்மா தெரிந்துதான் செய்தாளா என்று நான் கேட்கவில்லை.

அம்மா போய் நாலைந்து வருஷம் ஆகிறது. வழக்கம் நிற்கவில்லை. இன்று காலை அஞ்சலை முதலில் முழுகினாள், பிறகு நான். களி கிண்டி ஆயிற்று. முனியம்மாக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "எனக்கும் ஒரு உருண்டை எடுத்து வை" என்று சொல்லிவிட்டு ரயிலடிக்குப் போயிருக்கிறாள்.

மணைமேல் ஒரே புத்தகம்தான். இலைதான் இப்போது இரண்டு.

விழுப்புரம்,
கார்த்திகை, முதல் புதன்கிழமை.